பிஸ்கற் பேணிக்குள் இருட்டு

ஆவணி மாதத்து மத்தியானம். யன்னல்களை எல்லாம் சாத்தி, கதவு இடுக்கில் சாக்கு அடைத்திருந்தோம். மேசையில் ஒரு சதுரப் பிஸ்கற் பேணி. அதன் மூடியைச் சுற்றிக் கறுத்த ரேப், அதன்மேல் அம்மாவின் உடைந்த குடையிலிருந்து கழற்றின துணி. உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் போக வழியில்லை. ஆனாலும் மடிகணினித் திரையில் துடிப்பு ஓயவில்லை. ஒரு செக்கனுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

"எங்கயோ வெளிச்சம் ஒழுகுதடா தம்பி."

"இல்லை மாமா. இது சும்மா கிடந்தாலும் இப்பிடித்தான் கத்தும்."

அவன் என் அக்காவின் மகன். ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடத்தில் துணிக்கைப் பௌதிகம் படிக்கிறான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவன், உடுப்புப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்ரிக் குழாயும் ஒரு தீப்பெட்டி அளவுப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். வானத்திலிருந்து விழுகிற துணிக்கைகளை வீட்டிலேயே எண்ணிப் பார்ப்பதுதான் யோசனை. ஆய்வுகூடத்தில் மிஞ்சின துண்டுகளாம், கேட்டு வாங்கினதாம். நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன். ஒளி வெளியே போகாமல் உள்ளேயே தெறிக்கிற முழு அகத்தெறிப்புக்கு ஆயிரம் தடவையாவது கரும்பலகையில் படம் கீறியிருப்பேன். அதை வைத்து வேலை செய்கிற ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

குழாய்க்குள் இருந்தது 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள இழை. முதல் பார்வைக்கு மீன்பிடித் தங்கூசியேதான். வித்தியாசம் முனையில் தெரியும். யன்னலை ஒரு விரற்கடை திறந்து இழையை வெளிச்சத்தில் பிடித்தால், நடுவில் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். வெட்டின முனை மட்டும் நீலமாக எரியும். ஆங்கிலத்தில் இதைச் சிண்டிலேற்றிங் ஃபைபர் என்பார்கள். நான் மினுங்கிழை என்று எழுதப்போகிறேன், வாய்க்கு அதுதான் வருகிறது.

நடுப்பகுதி பொலிஸ்ரைரீன். மீன் அடைக்கிற றெஜிபோம் பெட்டி இருக்கிறதே, அதே சாமான்தான். ஆனால் நுரைக்காமல் கண்ணாடி மாதிரி இழுத்தது; உள்ளே கொஞ்சம் ஒளிரும் சாயம் கலந்தது. மின்னேற்றம் உள்ள துணிக்கை ஒன்று குறுக்கே போனால், அது விட்டுப்போன சக்தியைச் சாயம் வாங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. அலைநீளம் 450 நானோமீற்றர் பக்கம். எல்லாம் 3 நானோசெக்கனுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். நடுப்பகுதியின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை வளைக்கிற அளவு, 1.59. அதைச் சுற்றி 1.49 உள்ள ஒரு தோல், அதற்கும் வெளியே 1.42 உள்ள இன்னொரு தோல். இந்த இரண்டு தோலிலும் பட்டுத் தெறித்து முனைவரை போய்ச்சேரும் ஒளி, ஒரு பக்கத்துக்கு 5.4 வீதம்தான். மற்றதில் பெரும்பங்கு பக்கவாட்டாலேயே வெளியே போய்விடும். 

"நூற்றுக்கு அஞ்சை வைச்சு என்ன செய்யிறது?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் வட்டிக் கணக்குக்கூட அதைவிடக் கூட.

அதற்குத்தான் அந்தத் தீப்பெட்டிப் பெட்டிக்குள் இருந்த சாமான். சிலிக்கன் ஒளியுணரி, இரண்டு. ஒவ்வொன்றும் 1.3 மில்லிமீற்றர்ச் சதுரம், அரிசிக் குருணல் அளவு. ஜப்பானின் ஹமமாட்சு செய்தது. பழைய ஒளிப்பெருக்கிக் குழாய்கள் சோடாப் போத்தல் பருமனில் இருக்கும், ஆயிரம் வோல்ட் பக்கம் கேட்கும், காந்தப்புலத்துக்குள் வைத்தால் குழம்பும். துணிக்கைப் பௌதிகத்தில் பெரிய காந்தம் வைத்த பரிசோதனைகள் பல. இந்தக் குருணலுக்கு 56 வோல்ட் போதும், காந்தத்தைப் பற்றிக் கவலையும் இல்லை.

உள்ளே 667 சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றும் 50 மைக்ரோன். ஒவ்வொரு கட்டத்தையும் இழுத்துக் கொளுவி வைத்த எலிப்பொறி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போட்டோன், அதாவது ஒளியின் ஒரே ஒரு துணுக்கு, பட்டால் பொறி அடித்துவிடும். அந்த ஒரே ஒரு போட்டோனுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இலத்திரன்கள் கொட்டும். எலி பெரிதா சின்னதா என்று பொறிக்குத் தெரியாது. அடித்ததா இல்லையா, அவ்வளவுதான். எத்தனை பொறி ஒரே நேரத்தில் அடித்தது என்று கூட்டிப் பார்த்தால் எத்தனை போட்டோன் பிடிபட்டது என்று வந்துவிடும்.

சிக்கலும் அந்தப் பொறியில்தான் இருக்கிறது. அவ்வளவு மெல்லியதாகக் கொளுவின பொறி எலி வராமலே காற்றுக்கும் அடிக்கும். சிலிக்கனுக்குள் வெப்பத்தால் ஓர் இலத்திரன் தானாக விடுபட்டால் போதும், போட்டோன் பட்ட மாதிரியே ஒரு துடிப்பு. இரண்டையும் எந்தக் கொம்பனாலும் பிரித்துச் சொல்ல ஏலாது. இதை இருட்டு எண்ணிக்கை என்கிறார்கள். செய்தவர்கள் தந்த தாளில் 25 பாகையில் செக்கனுக்கு 90,000 என்று இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 8 பாகைக்கும் அது இரட்டிக்கும். எங்கள் அறையில் அப்போது 33 பாகை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. வெயில்தான் கத்திக்கொண்டிருந்தது.

56 வோல்டுக்கு எங்கே போவது என்றுதான் முதலில் யோசித்தோம். மருமகனின் ஆய்வுகூடத்தில் அதற்கென்று தனி வழங்கி இருக்கிறதாம். இங்கே திருநெல்வேலிச் சந்தையடிக் கடையில் 9 வோல்ட் பற்றரி ஆறு வாங்கி வரிசையாகக் கோர்த்தோம். புதுப் பற்றரி ஒவ்வொன்றும் ஒன்பதரைக்குக் கிட்ட நிற்கும், மொத்தம் 57. ஒரு மாறுதடையை வைத்து வேண்டின அளவுக்கு இறக்கலாம். ஒளியுணரி குடிக்கும் மின்னோட்டம் மைக்ரோஅம்பியரில்தான், அதனால் நாட்கணக்கில் தாங்கும். கரண்ட் போனாலும் நிற்காது. கடைக்காரர் ஆறு பற்றரியையும் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 1990-களில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட காலம். நான் சுற்ற, அப்பா காதை வைத்திருப்பார். இப்போது ஆறு பற்றரியை ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டு ஒருவரும் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வருகிறேன்.

அன்று பின்னேரம் நான் ஒரு நாசம் செய்தேன். இழையின் முனையை வெட்டினால் மட்டும் போதாது, மினுக்க வேண்டும். கராச்சில் கார்ப் பெயின்ரைத் தேய்க்கிற வாட்டர் பேப்பரில் 1000, பிறகு 2000. எட்டுப் போடுகிற மாதிரிக் கையைச் சுழற்றிச் சுழற்றித் தேய்த்து, கண்ணாடித்துண்டு மாதிரி வந்துவிட்டது. கடைசியில் தூசி துடைக்க மருமகன் ஸ்பிரிற்றுத் தேட உள்ளே போன நேரம், நான் மனைவியின் கியூட்டெக்ஸ் அழிக்கிற தண்ணியில் பஞ்சைத் தோய்த்து ஒரு துடை துடைத்தேன். முனை கண் முன்னாலேயே பால் நிறமாகி வெடித்தது. அதற்குள் இருப்பது அசற்றோன். றெஜிபோமில் பெற்றோலை ஊற்றினால் கரைந்துபோகும் என்று சின்ன வயதில் எத்தனை தரம் விளையாடியிருக்கிறேன்! இதுவும் அதே சாமான் என்று அரை மணித்தியாலத்துக்கு முன் நானே தலையாட்டியிருக்கிறேன். இருபத்தாறு வருடம் படிப்பித்த மண்டை.

"பரவாயில்லை மாமா, இரண்டு சென்ரிமீற்றர்தானே" என்று வெட்டி எறிந்தான். ஆனால் அதற்குப் பிறகு இழையை என் கையில் தரவில்லை. "வெறுங்கையாலை பிடிக்காதேங்கோ, எண்ணெய் படும்" என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னான். உண்மைதான். வெளித்தோலில் எண்ணெய் பட்டாலும் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தால் ஒளி ஒழுகும்.

மிஞ்சினது 20 சென்ரிமீற்றர். இரண்டு முனைக்கும் ஒவ்வொரு ஒளியுணரி, இடையில் சிலிக்கோன் கிறீஸ் ஒரு பொட்டு. பிஸ்கற் பேணிக்குள் மூலைக்கு மூலை கிடத்தினோம்.

அன்றிரவு, துடிப்பின் வடிவத்தைத் திரையில் கீறிக் காட்டுகிற அலைகாட்டியில் பார்த்ததை நான் மறக்கப்போவதில்லை. புதுத் துடிப்பு வந்தாலும் பழையது அழியாமல் ஒன்றின்மேல் ஒன்று படியவிட்டான். முதலில் வெறும் மஞ்சள் குழப்பம். பிறகு மெல்ல மெல்ல அடுக்கு விழத் தொடங்கியது. ஒரு பொறி அடித்த துடிப்பு எல்லாம் ஒரே உயரத்தில் ஒரு கோடு. அதற்கு மேலே கொஞ்சம் இருட்டான இடைவெளி. பிறகு சரியாக இரட்டை உயரத்தில் இரண்டாவது கோடு, மங்கலாக. அதற்கும் மேலே, எப்போதாவது, மூன்றாவது. இடையில் ஒன்றும் இல்லை. ஒன்றரை என்று ஒரு துடிப்பு வராது. இலத்திரனும் போட்டோனும் எண்ணக்கூடியவை என்று கரும்பலகையில் சொல்லிக்கொடுத்த பாடம், கோடு கோடாக, ஆறு பற்றரியில்.

இரண்டாவது கோடு ஏன்? பேணிக்குள் வெளிச்சமே இல்லையே? ஒரு பொறி அடிக்கும்போது அதிலிருந்தே ஓரிரு போட்டோன் கிளம்பிப் பக்கத்துப் பொறியைத் தட்டிவிடும். எங்களுடையதில் இது நூற்றுக்கு மூன்று. இந்த மூன்று வீதம்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

கேள்வி இதுதான். வானத்திலிருந்து வருகிற மியூவன் என்ற மின்னேற்றத் துணிக்கை கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று. 20 சென்ரிமீற்றர் நீளம், 1 மில்லிமீற்றர் அகலம் என்றால் பரப்பு 2 சதுர சென்ரிமீற்றர். ஆக, நிமிடத்துக்கு இரண்டு. அந்த இரண்டை, செக்கனுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் பொய்க்குள் தேட வேண்டும். 

இரண்டு முனையும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணு என்பது முதல் புத்தி. துணிக்கை இழைக்குள் போனால் இரண்டு பக்கமும் ஒளி வரும். வெப்பம் இரண்டையும் ஒரே நேரத்தில் எழுப்பாது. ஆனால் தற்செயலாகச் சேரும். ஒவ்வொரு துடிப்புக்கும் 20 நானோசெக்கன் இடம் கொடுத்தால், இந்த வேகத்தில் தற்செயலாகச் சேர்கிற சோடி செக்கனுக்கு 1,300 அளவு. நான் இதை அவனுடைய கொப்பியில் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். 1,300-தான்.

இரண்டாவது புத்தி, எந்த உயரத்துக்கு மேல் எண்ணுவது என்கிற கோட்டை உயர்த்துவது. மியூவன் இழைக்குள் ஒரு சென்ரிமீற்றருக்கு 2 மெகா இலத்திரன்வோல்ட் அளவு சக்தியை விட்டுப்போகும். பிளாஸ்ரிக்கில் ஒரு மெகாவுக்கு எட்டாயிரம் போட்டோன் அளவு. எங்கள் மெல்லிய இழைக்கு ஆயிரத்துச் சொச்சம் பிறந்து, 5.4 வீதம் தப்பி, அதில் பத்துக்கு நாலை ஒளியுணரி பிடித்தால், ஒவ்வொரு முனைக்கும் இருபதுக்கு மேல் வரவேண்டும். வெப்பமோ ஒன்று ஒன்றாகத்தான் அடிக்கும். இரண்டு அடிப்பது நூற்றுக்கு மூன்று, மூன்று அடிப்பது அதிலும் நூற்றுக்கு மூன்று. நான்காவது கோட்டுக்குக் கீழே உள்ளதை எல்லாம் தள்ளிவிட்டால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் செக்கனுக்கு ஐந்தாகக் குறைந்துவிடும். இரண்டு பக்கமும் தற்செயலாகச் சேர்வது ஒரு கிழமைக்கு ஒன்றுகூட இல்லை.

தாளில் எல்லாம் வடிவாக முடிந்தது. பேணி வேறு மாதிரிச் சொன்னது. கோட்டை உயர்த்தினதும் எண்ணிக்கை விழுந்தது, சரி. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்கும் காலை ஆறரைக்கும் ஒரே அடியாக நூற்றுக்கணக்கில் ஏறும். மருமகன் முகம் வெளிறிவிட்டது. நான்தான் கண்டுபிடித்தேன், ஏனென்றால் இந்த ஒழுங்கையின் நேர அட்டவணை எனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு அன்ரி தோட்டத்துக்குத் தண்ணி மோட்டர் போடுகிற நேரம். மோட்டர் எழும்பும்போது பறக்கிற மின்பொறியை இரண்டு வயரும் ஒரே கணத்தில் வாங்கிக்கொள்கின்றன. ஒரே கணம் என்பதுதானே எங்கள் சோதனை. துடிப்பின் வடிவத்தைப் பெருப்பித்துப் பார்த்ததும் தெரிந்தது. உண்மையான துடிப்பு ஒரு பக்கமாக எழுந்து வால்விட்டு இறங்கும். இது மேலும் கீழுமாக ஆடியது. பேணியையும் வயர்களின் வெளிக்கவசத்தையும் ஒன்றாக இணைத்து நிலத்தொடுப்புக் கொடுத்தோம். வயர் நுழைகிற ஓட்டைக்கு அலுமினியத் தாள். அன்ரியின் கத்தரிக்காய்க்குத் தண்ணி போவது எங்கள் எண்ணிக்கையில் வராமல் நின்றது.

துணிக்கை உண்மையில் பட்டால் பேணி என்ன சொல்லும் என்று பார்க்க ஒரு கதிர்மூலம் வேண்டும். ஆய்வுகூடங்களில் இதற்கு ஸ்ரொன்சியம்-90 வைத்திருப்பார்கள். எங்களிடம் அம்மாவின் அலுமாரி இருந்தது. அதில் பெற்றோல்மாக்ஸ் விளக்கின் மாண்டில், பிரிக்காத பக்கற், பழையது. அந்தக் காலத்து மாண்டிலில் தோரியம் இருக்கும். புல்மோட்டை மணலில் உள்ள மொனசைட்டிலும் இதே தோரியம்தான். மாண்டிலைப் பையோடு, பிரிக்காமல், இழைக்கு மேலே வைத்து மூடினோம். எண்ணிக்கை மள மளவென்று ஏறியது. எடுத்தோம், விழுந்தது. வைத்தோம், ஏறியது. இப்படி ஐந்தாறு தரம். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உது கலியாண வீட்டுக்கு வாங்கி வைச்சது, கவனம்" என்றார். யாருடைய கலியாணம் என்று கேட்கவில்லை. என்னுடையதாக இருக்கலாம்.

அப்புறம் ஐஸ். பகலில் வெப்பநிலை ஏற ஏறத் துடிப்பின் உயரம் குறைந்துகொண்டே போனது, அது மருமகனை உறுத்தியது. பொறி அடிக்கத் தொடங்கும் வோல்ட், வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் 54 மில்லிவோல்ட் ஏறும். எங்கள் இரண்டில் ஒன்றுக்கு அது 53.1, மற்றதுக்கு 52.8. அதற்கு மேலே கொடுக்கிற மூன்று வோல்டில்தான் முழுச் சீவியமும். காலைக்கும் மத்தியானத்துக்கும் எட்டுப் பாகை வித்தியாசம் என்றால், அந்த மூன்றில் கிட்டத்தட்ட அரை வோல்ட் காணாமல் போய்விடும். காலையில் கீறின கோடு மத்தியானத்துக்குப் பொருந்தாது.

பாசையூர்ச் சந்தையில் மீன்காரரிடம் ஒரு றெஜிபோம் பெட்டியும் இரண்டு பை ஐஸும் வாங்கினேன். "எத்தினை கிலோ மீன் அண்ணை?" என்றார். மீன் இல்லை, பிஸ்கற் பேணி என்று சொல்லவா முடியும்? விளைமீன் என்றேன்.

பேணி 14 பாகைக்கு இறங்கியது. இருட்டு எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்காக விழுந்தது. துடிப்புகள் உயரமாக எழுந்தன, நான் கை தட்டினேன். "அது நல்லதில்லை மாமா" என்று மாறுதடையைத் திருகி ஒரு வோல்டைக் குறைத்தான். குளிரில் பொறியின் வோல்ட் இறங்கிவிட்டது, நாங்கள் பழையபடியே கொடுத்துக்கொண்டிருந்தால் பக்கத்துப் பொறிகள் தட்டுப்படுவதும் கூடிவிடும் என்றான். பிறகு அரை மணித்தியாலத்தில் எல்லாம் குழம்பியது. திறந்து பார்த்தால் ஒளியுணரிச் சட்டத்தின்மேல் பனி, புல்லில் நிற்கிற மாதிரி முத்து முத்தாக. கடல் காற்று அடிக்கிற ஊரில் குளிர்ந்த எதுவும் வியர்க்கும். சப்பாத்துப் பெட்டிகளில் வந்த சிலிக்காப் பொட்டலங்களை வீடு முழுக்கத் தேடி எடுத்து உள்ளே போட்டு, மறுபடி ஒட்டினோம்.

ஜெனீவாவில் துணிக்கைகளை மோதவிட்டுப் பார்க்கிற எல்.எச்.சி.பி. பரிசோதனைக்கு இதே வகை இழையை ஆறு அடுக்காகப் பாய் பின்னின மாதிரி ஒட்டியிருக்கிறார்கள், 0.25 மில்லிமீற்றர்த் தடிப்பில். மொத்த இழை பத்தாயிரம் கிலோமீற்றருக்கு மேல். கொழும்புக்குப் பன்னிரண்டு தரம் போய் வரலாம். அங்கே ஒளியுணரிகளை −40 பாகைக்குக் குளிர்விக்கும்படி அமைத்திருக்கிறார்கள். கதிர்வீச்சில் அடிபட்ட சிலிக்கனின் இருட்டுச் சத்தம் பல மடங்கு கூடும், குளிர்தான் அடக்கும். அவர்களுக்கும் பனி பிடிக்கிற பிரச்சினை இருக்கிறது என்று மருமகன் சொன்னபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கடைசி இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய ஐந்துவரை ஓடவிட்டோம். ஏழு மணித்தியாலம், 420 நிமிடம். எதிர்பார்த்தது 840. வந்தது 611.

பூமியின் காந்த நடுக்கோடு எங்கள் பக்கத்தால்தான் போகிறது. தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்கு அருகே அதற்கென்றே ஒரு புவிக்காந்த ஆய்வுகூடம் இருக்கிறது, இங்கே இருக்கிற திருநெல்வேலியும் அந்தக் கோட்டுக்கு அதிக தூரமில்லை. பூமியின் காந்தப்புலம் இந்தப் பக்கத்தில் மேலிருந்து வருகிற துணிக்கைகளை மற்ற இடங்களைவிடக் கடுமையாகத் திருப்பி அனுப்புகிறது. காந்தத்தை எதிர்த்து வர 17 ஜிகாவோல்ட் பக்கம் வலு இல்லாதது நேரே இறங்க முடியாது. இதைச் சொல்லி நான் தப்பப் பார்த்தேன். மருமகன் விடவில்லை. காந்தத்துக்கு நூற்றில் பத்தளவு விட்டுக்கொடுக்கலாம், மிச்சம் எங்கே? சராசரி உயரத்தைப் பார்த்தான். முனைக்கு இருபது வரவேண்டிய இடத்தில் ஒன்றில் பதினாலு, மற்றதில் ஒன்பது. ஒன்பது வந்தது நான் அசற்றோனால் துடைத்து, பிறகு அவன் வெட்டி, அவசரத்தில் மினுக்கின முனை. பல மியூவன் நாலாவது கோட்டைத் தாண்டாமலே போயிருக்கும்.

அவன் போன வெள்ளிக்கிழமை திரும்பிவிட்டான். ஒளியுணரிகளைக் கொண்டுபோகவில்லை. நேற்று 2000-ஆம் இலக்க வாட்டர் பேப்பர் ஒரு தாள் வாங்கி வந்தேன். கராச்சுப் பெடியன் இன்னும் மெல்லியது, 3000, வருகிற கிழமை வரும் என்றான். மாண்டிலைக் கொண்டுபோய் அலுமாரியில் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அம்மா பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்டினார்.